முற்றம் சுருங்கி மூடி வந்த கதை

திருமுடிவாக்கத்தில் ஏதேனும் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் ஏறி நின்றால் இரண்டு விதமான கூரைகள் அடுத்தடுத்துத் தெரியும். ஒரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டையின் ஷெட்டுகள். சாம்பல் நிற ஷீட்டுகளுக்கு நடுவே பால் வெளுப்பில் நீளப் பட்டைகள் ஓடும். உள்ளே லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் பகல் வெளிச்சம் கொடுப்பவை அவைதான். இன்னொரு பக்கம் அரை கிரவுண்டிலும் அதைவிடச் சிறிய மனையிலும் நெருக்கிக் கட்டிய தளம் போட்ட வீடுகள். அந்த மாடிகளில் தண்ணீர்த் தொட்டிக்குச் சற்றுத் தள்ளி, முழங்கால் உயரச் சுவரின் மேல் ஓர் இரும்புச் சட்டம். சட்டத்தின் மேல் நீலமோ பச்சையோ வெண்மையோ ஆன ஒரு பிளாஸ்டிக் ஷீட். ஓ.டி.எஸ். மூடி, அதாவது வீட்டின் நடுவே வானம் பார்க்க விட்ட திறப்பின் மூடி, என்று சொன்னால் பம்மல், அனகாபுத்தூர், குன்றத்தூர், தாம்பரம் என்று சென்னையின் தென்புறநகர் முழுக்க எந்த மேஸ்திரிக்கும் புரியும்.

இதைக் கண்டுபிடித்தவர் என்று ஒருவரும் இல்லை. காப்புரிமை இல்லை, பிறந்த தேதி இல்லை. வீட்டுக்காரர் கேட்டார், மேஸ்திரி சரி என்றார், வெல்டர் டேப்பை நீட்டி அளவெடுத்துப் போனார், பொருள் பிறந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னோர்கள் உண்டு. எதை யாரிடமிருந்து எடுத்துக்கொண்டோம், எதை எடுக்காமல் விட்டோம் என்று பார்த்தால்தான், சித்திரையில் வீடு ஏன் வேகிறது, ஐப்பசியில் ஏன் ஒழுகுகிறது, புயலில் ஷீட் ஏன் பக்கத்துத் தெருவில் போய் விழுகிறது என்பது விளங்கும்.

முதல் முன்னோர் முற்றம். தொட்டிக்கட்டு வீட்டில் நான்கு பக்கத் தாழ்வாரக் கூரைகளும் உள்நோக்கிச் சரியும். மழை நடுவில் விழும். முற்றத்துத் தரை கூடத்தைவிடத் தாழ்ந்திருக்கும். விழுந்த தண்ணீர் ஒரு மூலையில் உள்ள தூம்பு வழியே வெளியே போகும். வெயிலும் நடுவிலேயே விழும். கூடத்துக்கு வருவது நேர்வெயில் அல்ல, தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பிய வெளிச்சம். சூடான காற்று மேலே ஏறிப் போய்விடும். வெளிச்சம், காற்று, மழை மூன்றையும் ஒரே இடத்தில் வாங்கிக்கொள்ளும்படி அதை அமைத்தார்கள் என்பதுதான் முக்கியம். திருடனுக்கும் குரங்குக்கும் பயந்து மேலே கம்பி போட்ட வீடுகள் உண்டு. மழைக்குப் பயந்து மூடியதில்லை. மழை வந்தால் போக வழி இருந்தது.

இரண்டாவது முன்னோர், எனக்கு மிகவும் பிடித்தவர், கண்ணாடி ஓடு. அதன் கதை கொஞ்சம் தூரத்தில் தொடங்குகிறது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கிலார்டோனி சகோதரர்கள் 1841இல் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் ஓட்டுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதுவரை நாட்டு ஓடு ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக்கிடக்கும். இந்தப் புதிய ஓடு விளிம்பில் பள்ளமும் மேடுமாகப் பொருந்தி நிற்கும். அந்த வகை ஓட்டை இந்தியாவில் வேரூன்றச் செய்தது பாசல் மிஷன். 1865இல் மங்களூரில் கியோர்க் பிளெப்ஸ்ட் தொடங்கிய தொழிற்கூடம் நேத்திராவதிக் கரைக் களிமண்ணை அச்சில் அழுத்திச் சுட்டது. மங்களூர் ஓடு என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது அதுதான். பிறகு அதே அச்சு வடிவத்தில் கண்ணாடியிலும் ஓடு வார்த்தார்கள். பத்து வரிசை மண் ஓட்டுக்கு நடுவே ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்ணாடி ஓட்டைச் சொருகினால் போதும், இருட்டான சமையலறை பகலில் விளக்கில்லாமல் தெரியும்.

இதில் உள்ள நுட்பத்தை நின்று பார்க்க வேண்டும். கூரையில் ஓட்டை போடவே இல்லை. மண் ஓடு எப்படி ரீப்பரில் தொங்குகிறதோ அப்படியே கண்ணாடி ஓடும் தொங்குகிறது. மேல் ஓடு அதன்மேல் படிகிறது, அது கீழ் ஓட்டின்மேல் படிகிறது. தண்ணீர் எந்த இடத்திலும் தயங்காமல் வழிந்து போகிறது. ஒட்டுவதற்குப் பசை வேண்டாம், பூச வேண்டாம். உடைந்தால் ஏணி வைத்து வேறொன்று மாட்டலாம்.

அளவும் அப்படி. ஒரு சதுர மீட்டர் கூரைக்கு ஏறத்தாழ 15 மங்களூர் ஓடுகள் பிடிக்கும். அதாவது ஒரு கண்ணாடி ஓடு திறந்துவிடும் இடம் முக்கால் சதுர அடிக்கும் குறைவு. அது போதுமா? போதும். நம் ஊர் உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ். புத்தகம் படிக்க 300 லக்ஸ் போதும். வெயில் நேரே அடிக்கும்போது ஒரே ஒரு கண்ணாடி ஓடு ஐந்தாறு 9 வாட் எல்.ஈ.டி. பல்புகளின் வெளிச்சத்தை உள்ளே விடும். மூட்டம் போட்ட நாளில்கூட ஏறத்தாழ ஒரு பல்பின் வெளிச்சம் கிடைக்கும். நம் அட்சரேகையில் கூரையிலிருந்து வெளிச்சம் எடுக்கச் சிறிய இடமே அதிகம் என்பதை அந்த ஓடு சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு வந்தவர்கள் மறந்த பாடம் இதுதான்.

கான்கிரீட் வந்தது. மனை சுருங்கியது. இருபதுக்கு நாற்பது, இருபதுக்கு முப்பது. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்க, ஜன்னல் வைக்கத் தெருப்பக்கமும் கொல்லைப்பக்கமும் மட்டும் மிச்சம். நடுவில் மாட்டிக்கொண்ட குளியலறைக்கும் படிக்கட்டுக்கும் காற்று வேண்டுமே. கட்டட விதிகளும் கேட்கின்றன. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 10 மீட்டர் உயரம் வரையுள்ள கட்டடத்தில், குளியலறையும் கழிப்பறையும் திறக்கும் காற்றுக் கூண்டு குறைந்தது 1.2 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. வரைபடம் போடுகிற பொறியாளர் வீட்டின் நடுவில் ஒரு சிறு செவ்வகம் போட்டு, குறுக்கே கோடிழுத்து, ஓ.டி.எஸ். என்று எழுதினார். ஓப்பன் டு ஸ்கை, அதாவது வானம் பார்த்த இடம். முற்றத்தின் பேரப்பிள்ளை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். ஆனால் முற்றத்தின் தாழ்ந்த தரை வரவில்லை, தாழ்வாரம் வரவில்லை. தூம்பு மட்டும் ஒரு இரண்டங்குலக் குழாயாகச் சுருங்கி வந்தது.

குடிபோன முதல் மாதத்திலேயே அந்தக் குழி ஆளைப் படுத்தத் தொடங்கும். பூனை இறங்கும். கொசு இறங்கும். மாடியில் காயப்போட்ட துணி விழும். முதலில் கம்பி வலை. அடுத்து கொசுவலை. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம். சாரல் படிக்கட்டில் அடித்து வழுக்குகிறது, கூடத்து டைல்ஸ் வரை ஈரம் வருகிறது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அது சின்ன விஷயம் அல்ல. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 சென்டிமீட்டர் பதிவானது. நான்கடிக்கு ஆறடி ஓ.டி.எஸ். ஒன்றில் மட்டும் அன்று ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கியிருக்கும். அடையாறு பெருகித் தெருவெல்லாம் வெள்ளமாக நின்றதால் வடிய வேண்டிய குழாயும் வடியாது. மூடிவிடலாம் என்று வீட்டுக்காரர் நினைத்ததில் எந்தத் தவறும் இல்லை.

எதை வைத்து மூடுவது? இங்கேதான் தொழிற்பேட்டை உள்ளே வருகிறது. ஷெட் போடுகிற அதே ஃபேப்ரிகேஷன் ஆள்தான் வீட்டு கேட்டும் கிரில்லும் செய்கிறார். அவர் கையில் இருந்த பொருள் ஷெட்டுக்குப் போட்டு மிஞ்சிய ஃபைபர் ஷீட்.

அந்த ஃபைபரின் பிறப்பு ஒரு தற்செயல். 1932இல் அமெரிக்காவின் ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் இரண்டு கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க உருகிய கண்ணாடியைத் தெளித்துக்கொண்டிருந்தார். அழுத்தக் காற்று பட்டதும் கண்ணாடி மெல்லிய இழைகளாகப் பறந்தது. ஒட்டுகிற வேலை நடக்கவில்லை. கண்ணாடி இழை கிடைத்தது. அந்த இழையைப் பாலியஸ்டர் பிசினில் தோய்த்து இறுக்கினால் எடை குறைந்த, உடையாத, ஒளி புகும் தகடு வரும் என்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தெளிவானது. பிறகு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் அலைக்கும் தகர ஷீட்டின் அலைக்கும் பொருந்தும்படி அதையும் அலையலையாக அச்சிட்டார்கள். கண்ணாடி ஓட்டின் அதே தத்துவம்: பக்கத்தில் இருப்பதன் வடிவத்தையே எடுத்துக்கொள், அதனோடு சேர்ந்து மழையை வழியவிடு.

அடுத்து வந்தது பாலிகார்பனேட். 1953இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் அதை உருவாக்கினார். அதே ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸ் மின்கம்பிக்கு உறையாகப் பூசும் பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். குடுவையில் இருந்த கூழ் கிளறும் தண்டைச் சுற்றி இறுகிக்கொண்டது. அடித்துப் பார்த்தும் உடையவில்லை. 1969இல் நிலவுக்குப் போனவர்களின் தலைக்கவசம் வரை அந்தப் பொருள் சென்றது. உள்ளே குழல்குழலாகக் காற்றிடம் விட்டு வார்த்த அதன் தகடுதான் இன்று புறநகர் ஹார்டுவேர் கடைகளில் சுருட்டி நிறுத்தியிருப்பது. நிலவுக்குப் போகும் உறுதி உள்ள பொருள் திருமுடிவாக்கத்து மாடியில் நாலைந்து வருடத்தில் ஏன் மஞ்சளாகி வெடிக்கிறது?

பொருளின் குறை அல்ல. ஷெட்டிலிருந்து ஷீட்டை மட்டும் எடுத்தோம், ஷெட்டுக்குத் தெரிந்த மற்றதை அங்கேயே விட்டுவிட்டோம்.

ஷெட்டுக் கூரை சரிந்திருக்கும். ஓ.டி.எஸ். மூடியைப் பலர் மட்டமாகவே போடுகிறார்கள், தண்ணீர் தேங்குகிறது. ஷெட்டில் ஷீட்டின்மேல் ஷீட் படியும். மூடியில் ஷீட்டின் விளிம்பு சட்டத்தோடு முடிந்துவிடுகிறது; மிச்சத்தைச் சிலிக்கான் பார்த்துக்கொள்ளும் என்று விடுகிறோம். சிலிக்கானால் முடியாது, ஏனென்றால் ஷீட் சும்மா இருப்பதில்லை. இரவுக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே அதன் சூடு 40 டிகிரி மாறினால், ஆறடி நீள பாலிகார்பனேட் ஷீட் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. தினமும், வருடம் முழுக்க. ஸ்க்ரூ போட்ட ஓட்டை ஸ்க்ரூவின் அளவுக்கே இருந்தால் அந்த இடத்தில்தான் முதல் விரிசல் விழும். ஓட்டையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, அகலமான ரப்பர் வாஷர் வைத்து, நெரிக்காமல் முறுக்க வேண்டும். பெரும்பாலான ஷீட்டுகளில் ஒரு முகத்தில் மட்டும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இருக்கும். எந்த முகம் வானத்தைப் பார்க்க வேண்டும் என்று மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டிருப்பார்கள். அவசரத்தில் தாளை முதலிலேயே உரித்து எறிந்துவிட்டு எந்தப் பக்கமோ திருப்பிப் போட்டால் மஞ்சளாகத்தான் ஆகும்.

வெயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூரைக் கண்ணாடியைப் பற்றிய புத்தக அறிவு பெரும்பாலும் குளிர்நாட்டிலிருந்து வருவது. லங்காஷயர் ஆலைகளில் ரம்பப் பல் போன்ற கூரை போட்டு, கண்ணாடியை வடக்குப் பார்த்து வைத்தார்கள். அங்கே நண்பகலில் சூரியன் வடக்கே வருவதே இல்லை. நமக்கு அப்படியில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருநாளும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒருநாளும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேரே நிற்கும்; நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகள் குச்சி நட்டுப் பார்ப்பது அதைத்தான். அந்த இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் உச்சிச்சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. அக்கினி நட்சத்திரமும் அதற்குள்தான் வருகிறது. 2003 மே 31இல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதும் அந்தப் பருவத்தில்தான். மட்டமாகப் படுத்திருக்கும் நான்கடிக்கு ஆறடித் தெளிந்த ஷீட் அப்படிப்பட்ட நண்பகலில் 1,700 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உள்ளே விடுகிறது. கூடத்தின் நடுவில் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைப் போட்டுவிட்டு மறந்துபோவதற்குச் சமம். முற்றத்திலும் இதே வெயில்தான் விழுந்தது, ஆனால் சூடான காற்று மேலே போனது. மூடி அந்த வழியை அடைத்துவிட்டது. குளியலறையின் ஈரக்காற்றும் போக இடமில்லாமல் சுவரில் பூஞ்சையாகப் படிகிறது.

ஷெட்டுக்கு இது தெரியும். பல ஷெட்டுகளின் முகட்டில் ஒரு சிறு கூரை, பெரிய கூரைக்கு மேல் ஒன்றரை அடி தூக்கி நிற்கும். அல்லது காற்றில் சுழலும் உருண்டை வென்டிலேட்டர் இருக்கும். சூடு வெளியேறும் வாசலை வைத்துத்தான் நல்ல ஷெட் போடுவார்கள். அந்த வாசலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவர மறந்தோம்.

இனி புயல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னைக்கு அருகே கரையேறியபோது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசியது. காற்று மேலிருந்து அழுத்தி ஷீட்டை உடைப்பதில்லை. மட்டமான மாடியின்மேல் வேகமாக ஓடும்போது அது ஷீட்டை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 55 கிலோ அழுத்தம். நான்கடிக்கு ஆறடி மூடிக்கு 120 கிலோவுக்கு மேல். அந்த ஷீட்டின் சொந்த எடை நாலு கிலோ. வர்தாவோடு கணக்கு முடிவதில்லை, ஐ.எஸ். 875 தரநிர்ணயத்தின் மூன்றாம் பகுதி சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகம் தடையில்லாமல் வந்தால் இழுவை 330 கிலோவைத் தாண்டும். கீழே வாசல் கதவோ ஜன்னலோ பிய்த்துக்கொண்டால் உள்ளே புகுந்த காற்று ஓ.டி.எஸ். வழியே ஏறி அடியிலிருந்தும் தள்ளும். மேலே இழுப்பும் கீழே தள்ளலும் சேர்ந்தால் நான்கு மூலையில் போட்ட நான்கு ஸ்க்ரூ எதற்கும் ஆகாது. மூடியைப் பிடித்து வைக்கும் வேலை ஷீட்டுக்கு அல்ல, சட்டத்துக்கு. சட்டத்தைச் சுவரின் மேல்பூச்சில் பதித்தால் பூச்சோடு பெயர்ந்து வரும். கான்கிரீட்டுக்குள் ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும். ஷீட்டின் விளிம்பு முழுக்க அலுமினியப் பட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

நம் ஊரைப்போலவே வெயில் காயும் இன்னொரு நாட்டில் இதே சிக்கலுக்கு வேறொரு விடை எடுத்தார்கள். பிரேசிலின் உபெராபா ஊரில் ஆல்ஃபிரெடோ மோசர் என்ற மெக்கானிக், 2002இல் மின்வெட்டுக் காலத்தில், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும் பாசி பிடிக்காமல் இருக்க இரண்டு மூடி பிளீச்சும் ஊற்றி, கூரையில் துளையிட்டுச் சொருகிப் பிசினால் அடைத்தார். பகலில் அது 40 முதல் 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் தந்தது. 2011இல் இல்லாக் டியாஸ் அதைப் பிலிப்பைன்ஸில் தகரக் கூரை வீடுகளுக்குக் கொண்டுபோனார். வருடந்தோறும் சூறாவளி வரும் நாடு அது. நம் ஓ.டி.எஸ்.ஸுக்குப் பாட்டில் பொருந்தாது. ஆனால் மங்களூர்க் கண்ணாடி ஓடும் பிரேசில் பாட்டிலும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே முடிவுக்கு வந்தன: வெப்பநாட்டுக் கூரையில் வெளிச்சத்துக்கான திறப்பு கை அகல அளவில் இருந்தால் போதும்.

கொஞ்ச காலமாகப் புறநகர் மாடிகளில் மூடியின் இரண்டாம் பிறப்பும் நடக்கிறது. நல்ல வெல்டர்கள் ஷெட்டின் முகட்டைப் பார்த்து எடுத்துக்கொண்ட வடிவம் அது. ஓ.டி.எஸ். சுவருக்கு மேல் ஒன்றேகால் அடி உயரத்தில் சதுரக் குழாய்க் கால்கள், அவற்றின் மேல் ஒருபக்கம் சரிந்த கூரை, நான்கு பக்கமும் முக்கால் அடி வெளியே நீளும் இறவாரம். பக்கவாட்டில் சாய்தகடும் அதற்குப் பின்னால் கொசுவலையும். மழை உள்ளே வராது, சூடு பக்கவாட்டில் வெளியேறும். மேலே தெளிந்த ஷீட்டுக்குப் பதில் பால்வெள்ளை. அது வெளிச்சத்தில் பாதியைத் தடுத்தாலும் மிச்சமே தாராளம். கூரை முழுவதையும் ஒளி புகும் ஷீட்டால் போடாமல், முக்கால் பங்கைச் சாதாரண ஷீட்டால் மூடி நடுவில் ஒரு பட்டை மட்டும் விடுகிறவர்களும் உண்டு. இதுவரை நான் பார்த்ததில் இதுவே நம் ஊருக்கு ஏற்ற மூடி. மட்டமாகப் படுக்கவைத்த தெளிந்த ஷீட் நம் ஊருக்கு ஆகாது என்பதே என் தீர்ப்பு. கண்ணாடிதான் வேண்டும் என்கிறவர்கள் இரண்டு தகட்டுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியைக் கேளுங்கள். வெறும் டஃபன்டு கண்ணாடி சில சமயம் காரணமே தெரியாமல் தானாகவே சிதறும். தலைக்கு மேலே அதைத் தனியாக வைக்கக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். மூடி பழுதாக இருந்தால் ஆவணி, புரட்டாசிக்குள் ஆளைக் கூப்பிடுங்கள். பழைய மூடியோ புதியதோ, ஷீட்டுக்கு அடியில் இரும்புக் கிரில் கட்டாயம் இருக்கட்டும். வெயிலில் மக்கிய ஷீட் ஆள் எடையைத் தாங்காது. புயல் ஓய்ந்த மறுநாள் ஷீட் மாற்ற ஏறி, ஒளிப் பட்டையில் கால்வைத்து, ஷெட்டின் உள்ளே விழுந்து இறந்தவர்கள் உண்டு. வேலைக்கு வருகிறவர் உங்கள் வீட்டு ஓ.டி.எஸ். மேல் ஏறப்போனால் தடுத்து நிறுத்துங்கள். முதலில் குறுக்கே பலகை போடச் சொல்லுங்கள், இடுப்பில் கயிறு கட்டச் சொல்லுங்கள்.